டிவி தொடருக்கு ஒரு கையேடு: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்ல வேலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் பத்து நாள் ஒரே உற்சாகமாக இருக்கும். கேம்ஸ் விளையாடுவார்கள், கல்யாண ஃபோட்டோக்களைக் காப்பி செய்து வைப்பார்கள், வால்பேப்பரை நாலு முறை மாற்றுவார்கள். பதினோராவது நாள், ‘அப்புறம் இதை வைத்து என்ன செய்வது?’ என்ற கேள்வி வந்துவிடும். வெண்ணந்தூரில் நான் நடத்தும் டி.டி.பி. சென்டருக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். வீட்டுக் கணக்கு எழுதுங்கள், மளிகை லிஸ்ட் போடுங்கள் என்று எல்லாப் புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. நாலு நாளைக்கு மேல் யாரும் செய்வதில்லை. நான் சொல்லும் வேலை வேறு. உங்கள் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து பார்த்த ஒரு டிவி தொடருக்குக் கையேடு தயார் செய்யுங்கள்.

சிரிக்க வேண்டாம். வெளிநாடுகளில் இது பெரிய புத்தக வகை. ஒரு தொடர் முடிந்த பிறகும் அதை மறக்காத ரசிகர்களுக்காக எழுதப்படும் துணைப் புத்தகம். எத்தனை பகுதிகள், எந்தத் தேதியில் ஒளிபரப்பானது, யார் எழுதியது, யார் நடித்தது, கதை என்ன, எங்கே படம் பிடித்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று பகுதி வாரியாக எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் ‘ட்விலைட் ஸோன்’ என்ற தொடர் 1959 முதல் 1964 வரை 156 பகுதிகள் வந்தது. மார்க் ஸ்காட் ஸிக்ரீ என்பவர் 1982-ல் அதற்கு ஒரு துணைப் புத்தகம் வெளியிட்டார். தொடர் முடிந்து 18 வருடங்களுக்குப் பிறகு! இன்றுவரை அந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்கு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1966-ல் ஆரம்பித்து 1969-ல் 79 பகுதிகளோடு நிறுத்தப்பட்ட தொடர் அது. டோரதி ஜோன்ஸ் என்ற ரசிகை, தொடரில் வரும் ஆட்கள், கிரகங்கள், கருவிகள் எல்லாவற்றையும் சின்னச் சின்ன அட்டைகளில் குறித்து வைத்திருந்தார். ப்ஜோ ட்ரிம்பிள் என்ற இன்னொரு ரசிகை அதை ஒழுங்குபடுத்தி, 1969-ல் சொந்தச் செலவில் புத்தகமாக்கினார். கம்ப்யூட்டர் கிடையாது, வீடியோ கேசட் கிடையாது. ஒளிபரப்பாகும்போது பார்த்து எழுதியதுதான். 1976-ல் பெரிய பதிப்பகம் ஒன்று அதையே பெரிய அளவில் போட்டது. அட்டையில் ஒரு சுழலும் சக்கரம் வைத்து, அதைத் திருப்பினால் வேண்டிய பகுதியைக் கண்டுபிடிக்கலாம் என்று செய்திருந்தார்கள். இன்று நாம் எக்ஸெலில் ‘ஃபில்டர்’ போடுகிறோமே, அதை அட்டையில் செய்த மாதிரி.

இங்கிலாந்துக் கதைதான் நமக்கு முக்கியம். ‘டாக்டர் ஹூ’ என்ற பி.பி.சி. தொடர் 1963-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பிய பிறகு டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்திவிடுவார்கள். அப்படி அழிந்ததில், முதல் ஆறு வருடப் பகுதிகளில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை இன்னும் படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லாப் பகுதிகளின் ஒலியும் இருக்கிறது. காரணம், வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து ரெக்கார்டு செய்த ரசிகர்கள். இந்தத் தொடரைப் பற்றி 1972-லேயே ஒரு புத்தகம் வந்தது. 1981-ல் ழான்-மார்க் லோஃபிஸியே என்பவர் இரண்டு பாகங்களில் முழுக் கையேடு போட்டார். கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும்தான் அதில் பிரதானம். படமே இல்லாமல் போன ஒரு பகுதியைப் பற்றி ரசிகனுக்குக் கிடைப்பது அந்த நாலு வரிதான். கையேடு என்பது பொழுதுபோக்கு அல்ல என்று எனக்கு உறைத்தது இந்தக் கதையைப் படித்தபோதுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நமக்கு இது புதிய விஷயமே அல்ல. சினிமாவுக்குப் பாட்டுப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். நடிகர் நடிகையர் பெயர், பின்னால் வேலை செய்தவர்கள் பெயர், பாதிக் கதை, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற வரி, பிறகு பாடல்கள். இவ்வளவும் சில பக்கங்களில். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் பிரதி இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் நிலை அதுதான். அப்படிப்பட்ட படங்களில் யார் நடித்தார்கள், எத்தனை பாட்டு என்று இன்று தெரிகிறதென்றால் அதற்குப் பாட்டுப் புத்தகங்களுக்கும் விளம்பரத் துண்டுகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுப் புத்தகங்களை இன்றும் இந்தப் பக்கத்தில் சில வீடுகளின் பரணில் பார்க்கலாம்.

ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது, யார் யார் வேலை செய்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கத் திரட்டி, 2004-ல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைக் கனமான புத்தகமாகக் கொடுத்தார். 2016-ல் அவர் காலமானார். இன்று யார் சினிமா பற்றிக் கட்டுரை எழுதினாலும் எங்கோ ஓரிடத்தில் அவர் உழைப்பைத் தொட்டுத்தான் எழுதுகிறார்கள்.

டிவிக்கு அப்படி ஓர் ஆனந்தன் வரவில்லை. பாட்டுப் புத்தகமும் வரவில்லை. சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கும் முன்னால் தூர்தர்ஷன் தொடர்கள். முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் ராத்திரிகளை ஆண்ட கதைகள் இவை. சினிமாவுக்கு மாதத்துக்கு ஒரு தடவை போனவர்கள் கூட தொடர்களைத் தினமும் பார்த்தார்கள். ஆனால் ஒரு தொடரின் பதினெட்டாம் பகுதியில் என்ன நடந்தது, அதற்கு எடிட்டிங் யார் என்று கேட்டால் எடுத்துப் பார்க்க ஒரு புத்தகம் கைக்கு வருவதில்லை.

எந்தத் தொடரில் ஆரம்பிப்பது? என் ஓட்டு ‘மர்மதேசம்’ தொடருக்கு. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. 1990-களின் பின்பாதியில் சன் டிவியில் வந்த ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டையும் நாகா இயக்கினார். எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர் என்பதால் எங்கள் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு. ‘ரகசியம்’ ஒரு சிவன் கோயிலையும் நவபாஷாண லிங்கத்தையும் சுற்றி நடக்கும் கதை. ‘விடாது கருப்பு’ தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில், தப்புச் செய்தவர்களைக் கருப்புசாமியே குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்பும் கதை. கருப்பனார் கோயில் இல்லாத ஊரே இல்லை என்று சொல்லக்கூடிய சேலம், நாமக்கல் சமவெளியில் அந்தத் தொடர் எப்படிப் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் புகுந்துவிடும்.

‘அதுதான் நாவலாகக் கிடைக்கிறதே’ என்பார்கள். கிடைக்கிறது. ‘விட்டு விடு கருப்பா’ என்ற நாவல்தான் ‘விடாது கருப்பு’ ஆனது. ‘ரகசியமாக ஒரு ரகசியம்’ என்ற நாவல்தான் ‘ரகசியம்’ ஆனது. ஆனால் நாவல் வேறு, தொடர் வேறு. நாவலில் சேத்தனும் தேவதர்ஷினியும் நடிக்கவில்லை. நாவலில் கேமரா இல்லை, இருட்டு இல்லை, பகுதி முடியும் இடத்தில் நெஞ்சை நிறுத்தும் அந்தக் கடைசி ஷாட் இல்லை. நாவலில் எதை மாற்றினார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று ஒப்பிட்டு எழுதினாலே உங்கள் கையேட்டில் ஒரு நல்ல அத்தியாயம் தேறும்.

அவசரப்படவும் காரணம் இருக்கிறது. பாலசந்தர் 2014 டிசம்பரில் மறைந்தார். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கும் வயதாகிறது. எங்கள் தெருவில் தார் சுற்றும் ஓர் அம்மாவுக்கு ‘விடாது கருப்பு’ முழுக்க மனப்பாடம். அந்தக் காலத்தில் விசைத்தறிப் பட்டறையில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்கு டிவி பார்க்க முடியாது. மறுநாள் ஷிப்ட் மாறும்போது, “நேத்து கருப்பு யாரைங்க அடிச்சுது?” என்றுதான் முதல் கேள்வி வரும். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் அந்த அம்மா வெளியே திண்ணைக்கு வந்து, வசனம், குளம்புச் சத்தம் எல்லாவற்றோடும் அரை மணி நேரக் கதையைப் பத்து நிமிஷத்தில் சொல்வார். எங்கள் ஊரில் கையேடு இப்படித்தான் இருந்தது, ஆள் வடிவத்தில். இப்போது அவருக்கு முதல் பாதி ஞாபகம் இருக்கிறது. பின்பாதியில் பெயர்கள் குழம்புகின்றன.

இந்த இடத்தில் இளைஞர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். “அண்ணா, எல்லாம்தான் யூடியூபில் இருக்குங்களே!” இருக்கிறது. கவிதாலயா நிறுவனமே ‘மர்மதேசம்’ தொடரை யூடியூபில் போட்டிருக்கிறது, அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் வீடியோ இருப்பதும் கையேடு இருப்பதும் ஒன்றல்ல. கோயில் பூசாரி முதல் தடவை பொய் சொன்னது எந்தப் பகுதியில் என்று யூடியூபில் தேடிப் பாருங்கள், வராது.  கண்டவர்களும் பிரித்துப் போட்ட காப்பிகளில் பகுதி எண் மாறியிருக்கும், ஆரம்ப டைட்டிலும் கடைசிப் பெயர்ப் பட்டியலும் வெட்டப்பட்டிருக்கும். இன்று இருக்கும் வீடியோ நாளை அங்கேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. சேனலை நடத்துகிறவர் நினைத்தால் ஒரே கிளிக்கில் எடுத்துவிடலாம்.

இன்னொரு கூட்டம், கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் ஏ.ஐ. சாஃப்ட்வேரிடம் கேட்கச் சொல்கிறது. நானும் சில பழைய தமிழ்த் தொடர்களைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். தயங்காமல் பதில் வந்தது. நடிக்காத நடிகர் நடித்திருந்தார், எழுதாதவர் எழுதியிருந்தார். அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. நாம் எழுதி வைத்தால்தானே அதற்கும் தெரியும்? ஆங்கிலத் தொடர்களைப் பற்றிக் கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்கிறது. அறுபது வருடங்களாக ரசிகர்கள் அட்டையிலும் புத்தகத்திலும் எழுதி வைத்ததன் பலன் அது.

இனி வேலைக்கு வருவோம். இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். எம்.எஸ். எக்ஸெல் இருந்தால் போதும். காசு கொடுத்து வாங்க மனமில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ‘கேல்க்’ என்பதுதான் எக்ஸெலுக்கு இணை. புதிய ஷீட்டைத் திறந்து முதல் வரியில் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பகுதி எண், ஒளிபரப்புத் தேதி, நடித்தவர்கள், கதைச் சுருக்கம், முக்கியத் தடயம், படப்பிடிப்பு இடம், பின்னணிக் கலைஞர்கள், எதைப் பார்த்து எழுதியது. கடைசித் தலைப்பைப் பலரும் விட்டுவிடுவார்கள். அதுதான் முக்கியம். யூடியூபில் பார்த்தீர்களா, பழைய பத்திரிகையில் படித்தீர்களா, பாட்டி சொன்னார்களா என்று எழுதி வைத்தால்தான் பின்னால் சண்டை வரும்போது எது நம்பகமானது என்று தெரியும்.

பகுதி எண் எழுதும் கட்டத்தில் ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று டைப் செய்யாதீர்கள். வெறும் எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் எக்ஸெல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தச் சொன்னால் பகுதி 1-க்கு அடுத்து பகுதி 10, பகுதி 11 என்று போய், பிறகுதான் பகுதி 2 வரும். தேதியிலும் ஒரு வம்பு உண்டு. சில கம்ப்யூட்டர்களில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில் வரும்படி இருக்கும். 5-3 என்று டைப் செய்தால் மே 3 ஆகிவிடும். கன்ட்ரோல் பேனலில் ரீஜியன் பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலை சுலபம். வீடியோ இருக்கும் விண்டோவை கிளிக் செய்து, விண்டோஸ் கீயையும் இடது அம்புக்குறியையும் சேர்த்து அழுத்துங்கள். அது திரையின் இடது பாதிக்குப் போய்விடும். எக்ஸெலை அதே மாதிரி வலது பாதிக்குத் தள்ளுங்கள். யூடியூபில் ‘கே’ எழுத்தை அழுத்தினால் படம் நிற்கும், ‘ஜே’ அழுத்தினால் பத்து வினாடி பின்னால் போகும். டைட்டில் வேகமாக ஓடுகிறதா? படத்தை நிறுத்திவிட்டு, கீபோர்டில் இருக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி கீகளை அழுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னும் பின்னும் நகரும். மேக்கப், லைட்மேன், ஒலிப்பதிவு என்று யாரும் படிக்காத பெயர்கள் அப்போதுதான் கண்ணில் படும். அந்தப் பெயர்களுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பது என் கட்சி. நடிகரின் பெயரை ஊர் ஞாபகம் வைத்திருக்கும். ராத்திரி முழுக்கக் காட்டில் விளக்குப் பிடித்தவர் பெயர் அந்த ஓடும் டைட்டிலில் மட்டும்தான் இருக்கிறது.

தமிழில் டைப் செய்வதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் மட்டுமே டைப் செய்யுங்கள். டி.டி.பி. வேலைக்காக நாங்கள் வைத்திருக்கும் பழைய ஃபான்ட்கள் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் போனால் கோணல்மாணலாகத் தெரியும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்கு மேல் வாதம் வேண்டாம். விசைப்பலகைக்குத் தமிழ்99 பழகுங்கள். ஒரு வாரம் கைவலிக்கும், பிறகு பறக்கும்.

ஆனால் யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. அதில் சிக்குகிற பெயர் வேடிக்கையாக நம் எழுத்தாளருடையதுதான். ‘சௌந்தர்ராஜன்’ என்று டைப் செய்யும்போது முதல் எழுத்து சகரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்த ஒரே எழுத்து. பலர் ‘செ’ டைப் செய்து பக்கத்தில் ‘ள’ டைப் செய்துவிடுகிறார்கள்: ‘செளந்தர்ராஜன்’. திரையில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஃபான்டைப் பொறுத்து வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஒரு முறையில் டைப் செய்துவிட்டு மற்ற முறையில் தேடினால் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஃபில்டர் போட்டால் ஒரே எழுத்தாளர் இரண்டு பேராக நிற்பார். ‘மர்மதேசம்’ என்று சேர்த்தும் ‘மர்ம தேசம்’ என்று பிரித்தும் எழுதினாலும் இதே கதைதான். அதனால் தனி ஷீட் ஒன்றில் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை மட்டும் சரியாக டைப் செய்து, மற்ற இடங்களில் அங்கிருந்து காப்பி, பேஸ்ட். எக்ஸெலில் டேட்டா வேலிடேஷன் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலையே கீழ்விரியும் மெனுவாக வைத்துக்கொள்ளலாம்.

கதைச் சுருக்கம் எழுதுவதில்தான் உங்கள் திறமை தெரியும். பத்து வரிக்கு மேல் போகாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். ‘அருமையான நடிப்பு’, ‘மெய்சிலிர்க்க வைத்தது’ எல்லாம் இங்கே வேண்டாம். கருத்துச் சொல்லத் தனிக் கட்டம் ஒதுக்குங்கள், அங்கே மனம் போல எழுதலாம். இந்த இரண்டையும் கலக்கிற புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இருபது வருடம் கழித்துப் புரட்டுகிறவனுக்கு முதலில் வேண்டியது என்ன நடந்தது என்பது. உங்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை அவன் பிறகு படித்துக்கொள்வான்.

மர்மத் தொடருக்குக் கையேடு எழுதும்போது முடிச்சை அவிழ்க்கலாமா? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவிழ்க்க வேண்டும், ஆனால் வேறு அறையில். கருப்பு யார் என்று எட்டாம் பகுதியின் குறிப்பிலேயே எழுதி வைத்தால், புதிதாகப் பார்க்க வரும் பிள்ளைக்கு நீங்கள் செய்வது துரோகம். முடிவையும், முடிவு தெரிந்தபின் அர்த்தமாகும் தடயங்களையும் கடைசி ஷீட்டில் வையுங்கள். ஷீட் பெயரையே ‘பார்த்து முடித்தவர்களுக்கு’ என்று வைத்துவிடலாம். இந்தக் கட்டுரையிலும் கருப்பு யார் என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

மெகா தொடர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. ‘கோலங்கள்’ 2003-ல் தொடங்கி 2009 வரை 1500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. தினம் ஒரு பகுதி வீதம் பார்த்துக் குறிப்பெழுதினாலும் நாலு வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கம்ப்யூட்டரே பழசாகிவிடும். அந்த மாதிரித் தொடருக்குப் பகுதி வாரிப் பட்டியலை விட்டுவிட்டுக் குடும்ப மரம் வரையுங்கள். திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005) இதற்கு நல்ல உதாரணம். சிதம்பரம் என்ற தகப்பனும் ஐந்து பெண்களும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புகுந்த வீடு, அங்கே ஒரு மாமியார், ஒரு நாத்தனார், ஒரு பழைய பகை. எம்.எஸ். வேர்டில் கட்டம் போட்டுக் கோடு இழுத்தால் ஒரு பக்கத்தில் முழுத் தொடரும் அடங்கிவிடும். 2020 லாக்டவுன் நாட்களில் அதை மறுபடி ஒளிபரப்பியபோது எங்கள் தெருவில் புது மருமகள்கள் ‘இவங்க யாருங்கத்தை?’ என்று ஒவ்வொரு காட்சிக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தைகளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்தது. சுவரில் ஒரு குடும்ப மரம் ஒட்டியிருந்தால் போதும்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. பிள்ளை டைப் செய்யட்டும், அம்மா கதை சொல்லட்டும், அப்பா பழைய பத்திரிகை வாங்கி வரட்டும். ஒளிபரப்புத் தேதிக்கு நல்ல ஆதாரம் பழைய நாளிதழ்களில் வந்த அன்றைய டிவி நிகழ்ச்சிப் பட்டியல்தான். பழைய பேப்பர்க் கட்டு வைத்திருக்கும் நூலகத்தில் உட்கார்ந்தால் ஒரு தொடர் எந்த வாரம் தொடங்கியது, எந்த வாரம் கிரிக்கெட்டால் தள்ளிப்போனது என்பது வரை பிடித்துவிடலாம். இந்த விவரம் எந்த வீடியோவிலும் இருக்காது.

வசனங்களை அப்படியே பக்கம் பக்கமாகக் காப்பி செய்யாதீர்கள். 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. அதற்காக முழுத் திரைக்கதையையும் எழுதிவிட முடியாது. சுருக்கம் உங்கள் சொந்த வார்த்தையில் இருக்கட்டும். காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புத்தகத்தில் போட்டு விற்கிற எண்ணம் வந்தால், முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஃபைலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இமெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டது ஒன்று. எக்ஸெல் ஃபைலோடு கூட ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்ற வகையிலும் ஒரு காப்பி சேமித்து வையுங்கள். சாதாரண எழுத்தாக இருக்கும் அந்த ஃபைலை எந்தக் காலத்து எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கலாம். ஃபைல் பெயரில் தேதி இருக்கட்டும், இல்லையென்றால் எது புதியது என்று நாலு காப்பிகளையும் திறந்து பார்க்க வேண்டி வரும்.

பத்துப் பதினைந்து பகுதி முடிந்ததும் அச்சுக்குப் போய்விடலாம், முழுத் தொடரும் முடியும்வரை காத்திருந்தால் நடக்காது. சுருக்கங்களை வேர்டுக்குக் கொண்டுபோய், பேஜ் செட்டப்பில் ‘புக் ஃபோல்ட்’ தேர்ந்தெடுங்கள். ஏ4 தாளை மடித்தால் ஒரு தாளுக்கு நாலு பக்கம். அதனால் மொத்தப் பக்கங்கள் நாலின் மடங்காக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 32 பக்கம் என்றால் எட்டே தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். பாட்டுப் புத்தகம் மாதிரியே கைக்கு அடக்கமாக இருக்கும். கடைசி இரண்டு பக்கங்களை எதுவும் அச்சிடாமல் வெறுமனே விட்டு, புத்தகத்தோடு ஒரு பேனாவையும் சேர்த்துப் பெரியவர்கள் கையில் கொடுங்கள். ‘இவன் அந்த ஊர்க்காரன் இல்லை, பக்கத்து ஊர்’ என்று அவர்கள் எழுதித் திருப்பித் தருவதை அடுத்த பதிப்பில் சேர்த்து, ‘எதைப் பார்த்து எழுதியது’ கட்டத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள்.